நாலு பேர் சங்கீதம்

வி. எஸ். நரசிம்மனுடைய பிடிலைக் கேட்காத தமிழ்க் காது அநேகமாக இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி, "யார் இவர்?" என்று பத்துப் பேரிடம் விசாரித்தால், ஒருவர் சரியாகப் பதில் சொன்னாலே அதிகம். நான் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். போடிநாயக்கனூரில் சங்கீதத்தைப் பற்றி ஆணித்தரமாகப் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஏலக்காய்க் கமிஷன் வியாபாரம் செய்கிற சிநேகிதர் ஒருவர், இளையராஜா எந்தப் படத்தில் எந்தப் பாட்டை எந்த ராகத்தில் போட்டார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அவரிடம் கேட்டேன். "பிடிலா? அதுவும் ராஜாதான் வாசிச்சிருப்பார்" என்றார், சந்தேகத்தின் நிழல்கூட இல்லாமல்.

ராஜா வாசிக்கவில்லை, எழுதினார். அவர் எழுதியதை வாசித்த பிடில்காரர்களின் வரிசையில் முதல் நாற்காலியில் பல வருஷங்கள் உட்கார்ந்திருந்தவர் நரசிம்மன். எழுதுகிறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் உள்ள இந்த வித்தியாசம் நமக்கு ஏன் இவ்வளவு சுலபமாக மறந்துபோகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போய், இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, தியாகராஜ கிருதிகளை நாலு வாத்தியங்களில் வாசிக்கிற ஒரு காரியத்தை அவர் பிற்பாடு ஆரம்பித்தார். அதைப் பற்றி நம்முடைய சங்கீத விமரிசகர்கள் அதிகமாகப் பேசவில்லை. சபாக்காரர்களுக்கு அது சினிமாக்காரர் செய்த வேலை. சினிமா ரசிகர்களுக்கு அது சபா சமாசாரம். இரண்டு கோஷ்டியிலும் சேராத நாவலாசிரியன் ஒருவன் அதைப் பற்றி எழுதினால் பெரிய பாதகமில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களின் பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போடியிலிருந்து சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம் என்று போகிற ரோட்டில் பஸ் ஏறினால், வலது கைப் பக்கம் ஏலமலை கூடவே வரும். அந்த ரோட்டில்தான் பண்ணைப்புரம் இருக்கிறது, 1943-ல் இளையராஜா பிறந்த ஊர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டுக் கட்சிக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினவர். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தபோது, தேயிலை எஸ்டேட் லயங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளிகளுக்கு அவருடைய பாட்டுத்தான் பிரசங்கம். பதினாலு வயதில் தம்பியும் அந்தக் கோஷ்டியில் போய்ச் சேர்ந்தார். கோஷ்டியின் மூலதனம் குரலும் ஓர் ஆர்மோனியமுந்தான்.

இந்த ஆர்மோனியத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம்முடைய சங்கீத உலகம் அதைப் பற்றி என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கவில்லை. அகில இந்திய ரேடியோ 1940-ல் அதை வாசலுக்கு வெளியே நிறுத்தி, சுமார் முப்பது வருஷம் உள்ளே விடவில்லை. காரணம் நியாயமானதுதான். ஆர்மோனியத்தில் ஸ்வரம் கட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதை அசைக்க முடியாது, இழுக்க முடியாது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகவும் முடியாது. கமகம் இல்லாமல் நம் சங்கீதம் ஏது? ஆனால் நம்முடைய வீணையும் குழலும் நாகஸ்வரமும் செய்யாத ஒரு காரியத்தை ஆர்மோனியம் செய்யும். மூன்று விரலை மூன்று கட்டையில் ஒரே சமயத்தில் வைத்தால் மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து எழும்பும். அந்தச் சேர்க்கையில் ஒரு ருசி இருக்கிறது. தேவிகுளத்து மேடைகளில் அந்தக் கட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், மேலைநாட்டு சங்கீதம் என்ற வார்த்தையைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அந்த ருசியைக் கண்டுகொண்டிருப்பான் என்பது என் ஊகம். 1960-களின் கடைசியில் சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் அந்த சாஸ்திரத்தை அவர் முறையாகக் கற்றுக்கொண்டதெல்லாம் பிறகு நடந்தது.

ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவும் வேண்டும், ஸ்வரத்தை அசைக்கவும் வேண்டும். இந்த இரண்டு ஆசையும் ஒருவருக்கு இருந்தால் ஆர்மோனியம் போதாது. பிடிலிடந்தான் போக வேண்டும்.

பிடில் நமக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முத்துஸ்வாமி தீக்ஷிதருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டார். பிறகு எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். வெள்ளைக்காரன் நின்றுகொண்டு தாடைக்கடியில் இடுக்கி வாசித்த வாத்தியத்தை, நாம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மார்பில் ஒரு முனையும் கணுக்காலில் ஒரு முனையுமாகச் சாய்த்துக்கொண்டோம். நாலு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று மாற்றிச் சுருதி கூட்டினோம். இதனால் இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்குகிற வேலை மிச்சமாயிற்று. விரல்கள் தந்தியின் மேல் மேலும் கீழும் தாராளமாக வழுக்க முடிந்தது. கமகத்துக்கு இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்? ஆனால் அந்தப் பெட்டி தன் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பழக்கத்தை, அதாவது பல பேர் சேர்ந்து பல ஸ்வரங்களை ஏக காலத்தில் வாசிப்பதை, நாம் வாசலிலேயே நிறுத்திவிட்டோம். இருநூறு வருஷமாக நம்முடைய பிடில் பாடகரின் பின்னாலேயே, அவர் நிழலைப்போலப் போய்க்கொண்டிருக்கிறது. துவாரம் வெங்கடசாமி நாயுடு, லால்குடி ஜயராமன் போன்றவர்கள் அதைத் தனியாகவும் நிமிர்ந்து நடக்கவைத்தார்கள் என்பது உண்மை. அப்படி நடந்தபோதும் பிடில் ஒற்றை மனிதனாகத்தான் நடந்தது.

சினிமாவில் அது கூட்டமாக நடந்தது. நரசிம்மன் தேர்ந்துகொண்ட, அல்லது அவரைத் தேர்ந்துகொண்ட, தொழில் இது. சினிமா வாத்திய கோஷ்டியில் பிடில்காரன் வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் ஸ்டூடியோவுக்குப் போகிறான். மை உலராத காகிதம் ஒன்று எதிரே ஸ்டாண்டில் வைக்கப்படுகிறது. ஐந்து கோடுகளுக்கு மேலும் கீழும் எறும்பு ஊர்ந்ததுபோலப் புள்ளிகள். என்ன படம், யார் கதாநாயகி, அவள் சிரிக்கிறாளா, சாகிறாளா என்பது அவனுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. ஒருமுறை ஒத்திகை, இரண்டுமுறை ஒத்திகை, ஒலிப்பதிவு. காகிதம் போய்விடும், வேறு காகிதம் வரும். சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு மாதம் கழித்து டீக்கடை ரேடியோவில் தன் வில்லையே கேட்டு, "இது எங்கேயோ கேட்டதாக இருக்கிறதே" என்று அவனே நினைத்தாலும் ஆச்சரியமில்லை.

1981-ல் வந்த 'ராஜ பார்வை' படத்தின் கதாநாயகன் இந்தத் தொழில் செய்கிறவன், கண் தெரியாத பிடில்காரன். எனக்குத் தெரிந்து சினிமா வாத்தியக்காரனைக் கதாநாயகனாக்கிய தமிழ்ப் படம் அது ஒன்றுதான். நல்ல படம். அதிலுங்கூட நாம் பார்ப்பது கமல்ஹாசனுடைய கையைத்தான்!

இப்படிப்பட்ட கோஷ்டியில் முதல் பிடில்காரராக இருக்கிறவருக்கு இரண்டு கைகள் போதா, நாலு வேண்டும். காகிதத்தில் உள்ளதை மேலைநாட்டுக்காரன்போலக் கணக்குத் தவறாமல் வாசிக்க வேண்டும். எட்டு அக்ஷரம் கழித்து, "இங்கே சுபபந்துவராளி மாதிரி" என்று சொன்னால் அந்த க்ஷணமே தன் விரலை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். கேட்பதற்கு இது சுலபமாக இருக்கிறது. உண்மையில் இவை ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு சரீரப் பழக்கங்கள். மேலைநாட்டு வித்தையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு விரல், ஓர் இடம். விரல் விழுந்த இடத்தில் ஸ்வரம் நிற்கும், நின்ற இடத்தில் லேசாக நடுங்கும். நம் வித்தையில் ஸ்வரம் ஓர் இடம் அல்ல. இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள பாதை. அங்கே அசைவு ஸ்வரத்துக்குப் பூசுகிற மெருகு; இங்கே அசைவுதான் ஸ்வரமே. இரண்டையும் கற்றவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே வில் இழுப்பில், நடுவில் தையல் தெரியாமல் செய்கிறவர்கள் மிகக் குறைவு. நரசிம்மன் அந்தக் குறைந்த பேரில் ஒருவர். இதுதான் அவரைப் பற்றிய என் முதல் அபிப்பிராயம். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

இடையில் அவர் தாமே இசையமைப்பாளராகவும் இருந்து பார்த்தார். கே. பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' 1984-ல் வந்தது. மறு வருஷம் 'கல்யாண அகதிகள்'. முதல் படத்தில் 'ஆவாரம் பூவு' என்ற பாட்டு இன்றைக்கும் பிழைத்திருக்கிறது. அதற்கு மேல் அந்த வழியில் அவர் அதிக தூரம் போகவில்லை. நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. மெட்டுப் போடுகிறவர்கள் நமக்கு நிறைய இருந்தார்கள்.

1986-ல் 'ஹௌ டு நேம் இட்?' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. பாட்டில்லாத, படமில்லாத, வெறும் வாத்திய சங்கீதம். இளையராஜா அதை இரண்டு பேருக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார். ஒருவர் தியாகராஜர், மற்றவர் ஜெர்மானியரான பாக். பாக் 1750-ல் இறந்து பதினேழு வருஷம் கழித்துத்தான் தியாகராஜர் பிறந்தார். இருவருமே கடவுளுக்காகப் பாட்டுக் கட்டினவர்கள் என்று சொல்லி இருவரையும் ஜோடி சேர்ப்பது வழக்கம். ஆனால் திருவையாற்றுக்காரர் ராஜ சன்மானத்தை வேண்டாம் என்று உஞ்சவிருத்தி எடுத்தவர். லைப்ஸிக்காரரோ, ஊரில் காற்று நன்றாக இருப்பதால் சாவு குறைந்துவிட்டது, அதனால் சாவு வரும்படியும் குறைந்துவிட்டது என்று 1730-ல் சிநேகிதருக்குக் கடிதம் எழுதியவர். இருபது பிள்ளைகளைப் பெற்ற மனிதர், பாவம். இரண்டு பேரையும் ஒரு வீட்டில் குடிவைத்தால் பூஜை வேளையில் ஒத்துப்போவார்கள். மாதக் கடைசியில் எப்படியோ, சொல்ல முடியாது.

அந்த இசைத்தட்டில் இவர்கள் இரண்டு பேரும் குடியிருந்த வீடு நரசிம்மனுடைய பிடில்தான். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஓர் உருப்படி. 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்று அர்த்தம். பாக் தனிப் பிடிலுக்காக எழுதி 1720-ல் சுத்தப் பிரதி எடுத்து வைத்த ஆறு உருப்படிகளில் ஒன்றின் முன்னுரைப் பகுதி அதற்கு அடிப்படை. மூல உருப்படி ஓடைத் தண்ணீர்போல நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். துளி துளியாக, ஒரே அளவான ஸ்வரங்கள். இங்கே அது ஓடிக்கொண்டிருக்க, அதைச் சுற்றியும் அதற்கு மேலும் நம்முடைய பாஷையில் பதில்கள் எழும்புகின்றன. எழுதினவரின் சாமர்த்தியத்தை எல்லோரும் புகழ்ந்துவிட்டார்கள். நான் கேட்கும்போது வில்லைத்தான் கவனிக்கிறேன். பாக்கின் துளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுகின்றன. நம்முடைய சொற்றொடர் வந்ததும், அதே தந்தி உருகிக் கோடாகிறது. எந்த இடத்தில் மாறியது என்று பென்ஸிலால் குறிக்க உட்கார்ந்து, நாலைந்து தடவை தோற்றுப்போனேன்.

குறை சொல்லவும் இடமிருக்கிறது. இந்த இசைத்தட்டின் பின்னணிக் கோஷ்டி, சினிமாவில் கற்ற பழக்கத்தை முழுக்க விடவில்லை. எங்காவது ஒரு விநாடி மௌனம் வந்துவிடுமோ என்று பயந்தாற்போல, இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் ஓடிவந்து நிரப்புகிறது. 'ஸ்டடி பார் வயலின்' என்ற உருப்படியில் விரல் வேலை பிரமிக்கத்தக்கது. ஆனால் பிரமித்து முடித்த பிறகு மனசில் என்ன நின்றது என்று பார்த்தால் பிரமிப்புத்தான் நிற்கிறது. தலைப்புகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெயர் வைக்கத் தெரியவில்லை என்று இசைத்தட்டின் பெயரிலேயே ஒப்புக்கொண்டவரை அதற்கு மேல் என்ன கேட்பது?

மௌனத்தைப் பாலு மகேந்திரா கொடுத்தார். 1988-ல் வந்த அவருடைய 'வீடு' படத்தில் பாட்டே கிடையாது. புதிதாகப் பின்னணி இசையும் எழுதவில்லை. இந்த இசைத்தட்டிலிருந்தே எடுத்து அங்கங்கே வைத்தார். கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போகிற இடத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதரே நாடக மேடையில் பாடிப் பழகினவர். அவர் அந்தப் படத்தில் பாடவில்லை. செங்கல் சுவரைப் பார்க்கிறார், அவ்வளவுதான். முன்பு எனக்கு வெறும் சங்கீதமாக இருந்த பிடில், 'வீடு' பார்த்த பிறகு ஒரு கிழவருடைய மூச்சாக ஆகிவிட்டது. இதை நரசிம்மனோ, எழுதின இளையராஜாவோ எதிர்பார்த்திருக்க முடியாது. படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் வாசித்தவர் யார் என்று கேட்டார்கள்?

1990-களில் அவர் 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்' என்ற நால்வர் குழுவை அமைத்தார். இரண்டு பிடில், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வியோலா என்பது பிடிலின் அக்காள். கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் கனம். செல்லோ, முழங்கால்களுக்கு நடுவே தரையில் ஊன்றி வாசிக்கிற பெரியப்பா. பி. ஜே. சந்திரன் வியோலாவும் வி. ஆர். சேகர் செல்லோவும் வாசித்தார்கள். ஐரோப்பாவில் ஹைடன் காலத்திலிருந்து இந்த நால்வர் அமைப்பு இருந்துவருகிறது. பெரிய மண்டபத்துக்கு அல்ல, வீட்டு அறைக்காக ஏற்பட்ட சங்கீதம். கெதே என்ற ஜெர்மன் மகாகவி இதை, புத்தியுள்ள நாலு பேர் பேசிக்கொள்வதைக் கேட்பதுபோல என்று வர்ணித்திருக்கிறார். நம்முடைய வீடுகளில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் அநேகமாக அது பாகப் பிரிவினையாக இருக்கும்.

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லையா என்று கேட்கலாம். லால்குடி ஜயராமன் 1966-ல் என். ரமணியின் குழலையும் ஆர். வெங்கடராமனின் வீணையையும் தம் பிடிலோடு சேர்த்து 'வேணு-வீணா-வயலின்' என்று கச்சேரிகள் செய்தார். அருமையான சேர்க்கை. ஆனால் அங்கே மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சேர்ந்து சொல்லுவார்கள், அல்லது ஒருவர் சொன்ன பிறகு மற்றவர் சொல்லுவார். நாடகத்தில் பாத்திரங்கள் பேசுவதுபோல. நால்வர் குழுவில் நாலு பேரும் ஒரே விநாடியில் நாலு வெவ்வேறு வார்த்தைகளைச் சொல்லுகிறார்கள். அது ஒரே வாக்கியமாகக் காதில் விழுகிறது. கதை எழுதுகிறவனுக்கு இதைக் கேட்டுப் பொறாமை வராமல் இருக்க முடியாது. எவ்வளவு பெரிய நாவலாசிரியனாலும் காகிதத்தில் ஒருவன் பேசி முடிக்காமல் அடுத்தவனைப் பேசவைக்க முடியாது.

சினிமா வரிசையிலே இருபது பிடில் வாசிக்கும்போது ஒருவர் வில் பிசகினால் மற்ற பத்தொன்பது அதை மூடிவிடும். நால்வரில் ஒளிந்துகொள்ள இடமில்லை. எதிரே நின்று கோல் ஆட்டுகிறவரும் கிடையாது. முதல் பிடில்காரர் மூச்சை இழுப்பதுதான் சமிக்ஞை. மிருதங்கமும் இல்லை. தாளத்தை வெளியே யாரும் தட்டிக் காட்டாமல், நாலு பேரும் உள்ளுக்குள்ளே வைத்துக்கொள்கிறார்கள். சினிமாவில் அத்தனை வருஷம் மற்றவர்களுடைய காகிதத்தை வாசித்தவர், இங்கே காகிதத்தைத் தாமே எழுதினார். தியாகராஜருடைய வரிகளில் கை வைக்கவில்லை. அவற்றின் அடியில் வாசிக்கவேண்டியதை எழுதினார்.

இங்கேதான் சண்டை. கர்நாடக சங்கீதத்துக்கு அடியிலே இன்னொரு ஸ்வரத்தை வைக்கலாமா? கூடாது என்பவர்கள் சொல்லுகிற காரணம் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். தோடியின் காந்தாரம் ஒரு நிமிஷமாவது சும்மா நிற்கிறதா? கீழே ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு ஊஞ்சல் ஆடுகிறது. அதற்குப் பொருத்தமாக அடியிலே நிற்கிற ஸ்வரம் ஒன்றை வைக்கவேண்டுமானால், ஊஞ்சலின் எந்தப் புள்ளிக்குப் பொருத்தமாக வைப்பது? மேலே போகும்போது இனிக்கிற சேர்க்கை கீழே வரும்போது கசக்கும். கசப்பைத் தவிர்க்க ஊஞ்சலை நிறுத்தினால் அது தோடி அல்ல.

சங்கராபரணத்தில் இந்தத் தொந்தரவு குறைவு. அதன் ஸ்வரங்களும் மேலைநாட்டின் முக்கியமான வரிசையும் ஒன்றே. முத்துஸ்வாமி தீக்ஷிதரே வெள்ளைக்காரப் பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அந்த நோட்டு ஸ்வரங்கள் எல்லாம் சங்கராபரணந்தான். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் கதனகுதூகலமும் அந்தக் காற்று பட்டுப் பிறந்த ராகமே. ஹம்ஸத்வனியிலும் ஸ்வரங்கள் காலை ஊன்றி நிற்கும். இப்படிப்பட்ட ராகங்களில், மத்திம காலத்தில் அமைந்த கிருதிகள் நாலு வாத்தியத்துக்கென்றே பிறந்தவைபோல உட்கார்ந்துகொள்ளும் என்பது என் முடிவு. முக்கியமாகத் தியாகராஜருடையவை. காரணம் சங்கதிகள். பல்லவி வரியை அவர் ஒருதரம் சொல்லி விடுவதில்லை. ஐந்து தரம், ஆறு தரம், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் விரித்துச் சொல்லுகிறார். மேலே சங்கதி விரிய விரிய, அடியில் உள்ள மூவரும் தங்கள் பதிலை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. முதல் தரம் செல்லோ ஷட்ஜத்தில் சும்மா படுத்திருக்கும். மூன்றாம் தரம் எழுந்து உட்காரும். ஐந்தாம் தரம் வியோலா குறுக்கே ஒரு வார்த்தை சொல்லும். தியாகராஜர் ஒரு குரலுக்குள் அடக்கிவைத்த வளர்ச்சி நாலாகப் பிரிந்து கண்ணுக்குத் தெரிகிறது. சௌக்க காலத்தில் யானை நடையாக நடக்கிற தீக்ஷிதர் கிருதிகளுக்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது. அவற்றின் கனம் ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இழுப்பில் இருக்கிறது. அடியில் எதை வைத்தாலும் அது முட்டுக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

ஆர்மோனியத்தை விலக்கியவர்கள் சொன்ன குற்றம் இந்த நால்வரைப் பற்றிச் சொல்ல முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். பதினாறு தந்திகளில் ஒன்றிலும் கட்டை கிடையாது, மெட்டு கிடையாது. முதல் பிடிலின் நிஷாதம் ஒரு நூல் ஏறினால் மற்ற மூன்று பேரும் காதால் கேட்டு ஒரு நூல் ஏறலாம். சேர்ந்து ஒலிக்கவும் முடிகிறது, அசையவும் முடிகிறது. பண்ணைப்புரத்து ஆர்மோனியத்தில் பாதிதான் கிடைத்தது. மிச்சப் பாதி இந்த நாலு பேரிடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னால், கமிஷன் கடைச் சிநேகிதர் சண்டைக்கு வருவார். வரட்டும்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. எல்லாம் எழுதி வைத்து வாசிப்பதால் ஆலாபனை இல்லை, நிரவல் இல்லை, கல்பனாஸ்வரம் இல்லை. அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதை வாசிக்கிற சுதந்திரம், நம் கச்சேரியின் பாதி உயிர், இங்கே கிடையாது. கேட்கிறவன் 'அடடா' என்று தொடையில் தட்டுகிற இடம் முன்கூட்டியே காகிதத்தில் இருக்கிறது. சாகித்யமும் இல்லை என்று ஒரு புகார் சொல்லுவார்கள். தெலுங்கு தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் புகார் அவ்வளவாக உறைக்கவில்லை. மனோதர்மம் இல்லாததுதான் உறைக்கிறது. அதற்குப் பதிலாக ஒன்று கிடைக்கிறது: கச்சேரியில் கிருதி என்பது வித்வான் தம் வித்தையைக் காட்டுவதற்கு ஏறி நிற்கிற திண்ணையாகிவிட்டது. இங்கே திண்ணையைத் தாண்டி வீட்டுக்குள்ளே போய்ப் பார்க்கிறோம்; சுவர் எப்படி நிற்கிறது, உத்தரம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிகிறது. இது சபைக் கச்சேரிக்கு மாற்று அல்ல. வேறு ஒன்று.

இந்த வேறொன்று இனி எத்தனை நாள் இருக்கும் என்பதில் எனக்குக் கவலை உண்டு. நரசிம்மனைப் போன்றவர்கள் சபாவிலிருந்து உருவானவர்கள் அல்ல. நாள்தோறும் இருபது முப்பது பிடில்களுக்கு வேலை கொடுத்த ஸ்டூடியோக்களில் புதுக் காகிதத்தை வாசித்து வாசித்துத் தேறினவர்கள். 1990-களுக்குப் பிறகு கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பிடில் கோஷ்டி வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கூலி இல்லை, காப்பி இல்லை, சுருதி கலையாது. நாற்காலிகள் குறைந்துபோயின. ஏ. ஆர். ரஹ்மான் 2008-ல் சென்னையில் ஒரு சங்கீதப் பள்ளி ஆரம்பித்தது நல்ல காரியம். இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் படிப்பது வேறு, வயிற்றுக்காக நாள் முழுவதும் வாசிப்பது வேறு. தனி வித்வானாக வரவேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் வருவார்கள். இரண்டாவது பிடிலாக, வியோலாவாக, அடுத்தவன் பாட்டுக்கு அடியில் நாற்பது வருஷம் இருக்கிறேன் என்று யார் வருவார்கள்?

2025 மார்ச்சில் இளையராஜாவின் ஸிம்பனி லண்டனில் அரங்கேறியபோது, பண்ணைப்புரத்தின் பெயர் பத்திரிகைகளில் மறுபடியும் அடிபட்டது. எங்களுக்கெல்லாம் சந்தோஷந்தான். அங்கே வாசித்தவர்கள் ராயல் பில்ஹார்மோனிக் கோஷ்டியினர் என்று பத்திரிகைகள் தவறாமல் போட்டன. ஏலக்காயில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. போடி ஏலத்துக்கு வருகிற சாம்பிளில் தோட்டக்காரர் பேர் இருக்கும், எடை இருக்கும், எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கும் இருக்கும். மழையில் மலையேறிப் பழம் எடுத்த பொம்பளையின் பேரையோ, உட்கார்ந்து தரம் பிரித்தவளின் பேரையோ யாரும் எழுதுவதில்லை. சாம்பிளை முகர்ந்து பார்க்கிற வியாபாரிக்கு அது வேண்டியதும் இல்லை. ஆனால் இசைத்தட்டு வாங்குகிறவன் வியாபாரி அல்லவே.

நால்வர் குழுவின் 'ரெஸனன்ஸ்' என்ற இசைத்தட்டு இருக்கிறது. கேட்க விரும்புகிறவர்கள் அதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துக் கேட்டுப் பிரயோசனமில்லை. முதல் தடவை மேலே உள்ள பிடிலைக் கேட்டுவிட்டு, இரண்டாவது தடவை அதை விட்டு வியோலாவை மட்டும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், காணாமற்போகும், மறுபடி அகப்படும். போடியில் இந்த நாலு பேரையும் நேரிலே உட்காரவைத்துக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கமிஷன் கடைச் சிநேகிதரிடம் சொன்னேன். செலவைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கல்யாண மண்டபம் பேசிவிடலாம், மைக் செட்டுக்கு ஆள் இருக்கிறது என்றார். மைக் வேண்டாம் என்றேன். சரி என்றார். மின்விசிறியையும் நிறுத்தவேண்டும், அந்தச் சத்தத்தில் செல்லோ மெதுவாக வாசிப்பது காதில் விழாது என்றேன். அங்கேதான் பேச்சு நின்றுபோயிருக்கிறது. சாரல் ஆரம்பித்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.